முழி பிதுங்கிய வீடு

ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதற்குக் காரணம் ஜன்னல்தான் என்று தெரிந்துவிட்டது.

மூட்டுவலியா? ஜன்னல். வியாபாரம் படுத்துவிட்டதா? ஜன்னல். மகன் பரீட்சையில் கோட்டை விட்டானா? அவன் புத்தகத்தைத் திறக்காதது காரணமல்ல, வீட்டு ஜன்னல் தப்பான பக்கம் திறந்ததுதான் காரணம். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லையா? ஜன்னல். மனைவி பேச்சை நிறுத்துவதே இல்லையா? அதுவும் ஜன்னல்தான். ஆனால் அது வேறு ஜன்னல்.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவருக்குச் சாளர ஞானி என்று பெயர். அதற்கு முன்பு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பக்தியின் முதல் படி. இரண்டாவது படி, மெத்தைக்கடைக்குப் பக்கவாட்டில் இருந்த மாடிப்படி. அதில் ஏறித்தான் ஞானியைப் பார்க்கவேண்டும். விடிந்ததும் வரிசை தொடங்கும். படிக்கட்டெல்லாம் நிரம்பி, வரிசையின் வால் தெருமுனைச் சலூனைச் சுற்றிக்கொண்டு போகும். நிற்பவர்கள் கைபேசியை நீட்டி, பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவதுபோல் அவரவர் ஜன்னல் படத்தை அடுத்தவரிடம் காட்டிக்கொள்வார்கள். "உங்களுது ரெண்டு கதவா? எங்களுது ஒத்தைக் கதவு. அதான் இழுக்குது." ஒரு மனிதர் படமெல்லாம் சரிப்படாது என்று ஜன்னல் கதவையே கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்தார். டோக்கன் எனக்கா, ஜன்னலுக்கா என்று அவர் கேட்டதற்கு, இரண்டுக்கும் தனித்தனியாக வாங்கவேண்டும் என்று பதில் வந்தது.

ஞானி உட்கார்ந்திருந்த அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இதை ஒருவர் கவனித்துக் கேட்டபோது பக்கத்திலிருந்தவர் அதட்டினார்: "டாக்டர் வீட்டுல நோயாளி குடியிருப்பானாய்யா?"

கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். உருப்படியான கேள்விகள் இப்படித்தான் சாகின்றன.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவள் இதையெல்லாம் தினமும் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். எல்லோருக்கும் கண்ணாடிக்காரம்மா. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து முதலில் சிரித்தாள். வரிசையில் ஒருநாள் சொந்தப் புருஷனே நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் புருஷன் நல்ல மனிதர். விளம்பரப் பலகை அச்சடிக்கும் கம்பெனியில் மேலாளர். 'ஒரே வாரத்தில் வழுக்கையில் முடி' என்று பகலெல்லாம் அச்சடித்துவிட்டு, சாயங்காலம் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டே வீடு திரும்புகிறவர். ஞானியின் 'உங்கள் வீடு மூச்சு விடுகிறதா?' என்ற பெரிய பலகையை அச்சடித்ததும் அவர் கம்பெனிதான். எழுத்துப் பிழை திருத்துவதற்காக அதைப் பல தடவை படித்திருக்கிறார். படித்துப் படித்து, எழுத்து திருந்தியது, அவர் கெட்டுப்போனார்.

அவர் வரிசைக்குப் போன காரணம், வீட்டில் புதிதாக வைத்த ஜன்னல்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்காரம்மாவின் மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். குரல் அப்படிப்பட்டது என்பதால் டிப்போவில் அவருக்கு ஏர்ஹாரன் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து இடது காலையும் கையையும் கொண்டுபோய்விட்டது. ஹாரனை மட்டும் விட்டுவிட்டது. நாளெல்லாம் முன்னறைக் கட்டிலில் கிடந்து, "தெருவுல என்னம்மா சத்தம்? லாரியா, வேனா? யாருய்யா அவன், ரெண்டாவது கியர்லயே உருட்டறான்?" என்று கத்திக்கொண்டிருப்பார். அந்த அறையில் இருந்த பழைய ஜன்னல் உயரத்தில் இருந்தது. அவள் ஒருநாள் மாமனாரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, அவர் கட்டிலில் தானே படுத்துப் பார்த்தாள். தலையணையிலிருந்து தெரிந்தது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி மட்டும். மனுஷன் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த உலகம் இவ்வளவுதான்.

அன்றைக்கே ஜன்னலை மாற்றுவதென்று முடிவு செய்தாள்.

கட்டட கான்ட்ராக்டர் வந்து, சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் வைத்தால் முன்னாலும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியும், அதற்குப் பே விண்டோ என்று பெயர் என்றார். அதில் மூன்று விதம் இருந்தது. பெட்டியை ஒட்டவைத்ததுபோல் ஒன்று, அரைவட்டமாக வளைந்த கண்ணாடியோடு ஒன்று, மூன்று முகமாக மடங்கிய ஒன்று. வளைந்தது பார்க்க அழகு என்று புருஷன் சொன்னார். மாமனார் விடவில்லை.

"வளைஞ்ச கண்ணாடியில ரோடும் வளைஞ்சுதான்டா தெரியும். ரோடு வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னா எங்க டிப்போவுல வாயை ஊதிக் காட்டச் சொல்லுவாங்க."

மூன்று முக ஜன்னல் முடிவாயிற்று. நடுவில் திறக்காத பெரிய கண்ணாடி. இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறக்கும் கதவு. மழை உள்ளே வராமல் மேலே சின்னக் கூரை. ஜன்னலின் அடிக்கட்டையை எவ்வளவு இறக்கவேண்டும் என்பதை அவளே டேப்பால் அளந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். மாமனார் தலையணையில் சாய்ந்தபடியே தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்க்கலாம். சட்டமும் கண்ணாடியும் பொருத்திய அன்று கிழவர் போகிற வண்டியையெல்லாம் தெருமுனைவரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "டிரைவர் சீட்டு குடுத்துட்டியேம்மா."

கம்பி போடுவது மட்டும் பாக்கி. அதற்குள் கெட்ட காலம் போன் வழியாக வந்தது.

புருஷனுக்கு ஓர் அக்கா. கண்ணாடிக்காரம்மாவுக்கு நாத்தனார். சாளர ஞானியின் பக்தர்களில் முதல் வரிசை. ஞானி சொன்னார் என்று தன் வீட்டு ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரே ஓர் ஓட்டை போட்டு, 'மூச்சுக்கண்' என்ற வட்டக் கண்ணாடியைப் பதித்திருந்தாள். பட்டப்பகலில் விளக்கு எரியும். சுவரெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது. தும்மிக்கொண்டே சொல்வாள்: "ஹச்! என்ன நிம்மதிங்கறே! ஹச்!"

"அக்கா, அப்பா ரூமுக்குப் பே விண்டோ வச்சிருக்கோம்" என்று தம்பி போனில் சொன்னார்.

அந்தப் பக்கம் ஓர் அலறல்.

"என்னது? பேய் விண்டோவா?"

"பேய் இல்லக்கா, பே."

"பேயோ பேவோ, பேருலயே இருக்கேடா! தெரிஞ்சு தெரிஞ்சு யாராவது காசு குடுத்துப் பேயை வாங்கி வைப்பாங்களா?"

தம்பி சிரித்தார். ஆனால் மறுநாள் அவர் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி முழங்கால் தேய்ந்தது. அதற்கு அடுத்து கம்பெனிக்கு வரவேண்டிய வேலை ஒன்று வேறு கம்பெனிக்குப் போனது. கிழவருக்குச் சளி பிடித்தது. இவையெல்லாம் எல்லா வீட்டிலும் எல்லா வருஷமும் நடப்பவைதான். ஆனால் இந்தத் தடவை பழிபோட ஒரு ஜன்னல் இருந்ததே!

புருஷன் மாடிப்படி வரிசையில் போய் நின்றார். தம்பி வரிசையில் நிற்கப் பக்தை சும்மா இருப்பாளா? ஞானியையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

ஞானி வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ என்று பாலில் முக்கி எடுத்ததுபோல் வந்து இறங்கினார். கூடவே தோல்பையோடு ஒருவர். அவர் கண்ணாடிச் சட்டங்கள் விற்கும் கடைக்காரராம். ஞானியின் பெருமை கேட்டுத் தானாக வந்து ஒட்டிக்கொண்டவராம். ஞானி அவரை "அந்தக் கடைக்காரர்" என்றுதான் குறிப்பிட்டார், ஏதோ பஸ்ஸில் பார்த்தவர்போல.

ஞானி தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்தார். உடனே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"வீடுங்கறது ஒரு முகம். வாசல் வாய். ஜன்னல் கண்ணு. கண்ணு குழிக்குள்ள இருக்கணும். இந்த வீட்டுக்கு என்ன ஆச்சு பாத்தீங்களா? முழி பிதுங்கிப்போச்சு! வீட்டுக்கு முழி பிதுங்கினா, வீட்டுக்காரனுக்கு எப்படிப் பிதுங்காம இருக்கும்?"

"முழங்கால்தான் தேஞ்சிருக்கு" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"இப்போதைக்கு முழங்கால்" என்றார் ஞானி.

புருஷன் தம் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞானி உள்ளே வந்து பையிலிருந்து ஒரு செப்புக் குண்டை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு. பட்டு நூலில் தொங்கியது. அதுதான் மூச்சுக்குண்டு. வட்டமாகச் சுற்றினால் நல்ல மூச்சு, இங்கும் அங்குமாக ஆடினால் பேய் மூச்சு. ஜன்னலுக்கு முன்னால் பிடித்ததுதான் தாமதம், குண்டு இங்கும் அங்கும் ஆடு ஆடு என்று ஆடியது. நாத்தனார் தும்மலை அடக்கிக்கொண்டு கும்பிட்டாள்.

கட்டிலிலிருந்து ஏர்ஹாரன் முழங்கியது.

"யோவ், பஸ்ஸுக்கு முன் கண்ணாடி பூரா பிதுங்கித்தான்யா இருக்கும். அத்தனை வருஷம் ஓட்டினேன், ஒரு பேயும் ஏறல. ஏறியிருந்தா எங்க கண்டக்டர் டிக்கெட் குடுத்திருப்பான்."

ஞானி கோபப்படவில்லை. கிழவரை இரக்கத்தோடு பார்த்தார். அப்புறம் புருஷனைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார்: "இந்த ஜன்னல் இருக்கறவரைக்கும் வீட்டுல மூத்த மூச்சு தங்காது. உடனே அடைச்சிடுங்க. ஒரு மூச்சுக்கண் வச்சுக்கலாம். எந்தக் கடையில வாங்கினாலும் சரிதான். ஆனா குண்டு, பாவம், அந்தக் கடையைத்தான் காட்டுது."

தோல்பைக்காரர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

கண்ணாடிக்காரம்மா அன்று சாயங்காலம் முழுக்கப் புருஷனோடு சண்டை போட்டாள். அவரோ ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்பாவுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா? நாளைக்கு நான் யாரைப் போய் குத்தம் சொல்றது? உன்னையா? என்னையா?"

அவர் கண் கலங்கியிருந்தது. முட்டாள்தனத்தோடு சண்டை போடலாம், பாசத்தோடு எப்படிப் போடுவது? ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் கை வைப்பது நம் மூளையில் இல்லை. நாம் யார்மேல் உயிரை வைத்திருக்கிறோமோ, அவர்கள்மேல்.

அதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. கம்பி போட வரவேண்டிய ஆள், பேய் ஜன்னலுக்குக் கம்பி போடமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஞானி நாள் குறித்தார். ஜன்னல் அடைப்பதை அவர் பக்தர்கள் 'கண்மூடு விழா' என்றார்கள்.

அவள் மாமனாருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது கிழவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "அடைச்சுக்கட்டும் விடும்மா. பய பயந்துட்டான். செவுரைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கும் சீக்கிரம் தூக்கம் வரும்."

அந்தக் குரலில் ஹாரன் இல்லை. அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தாள். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வேலை. சிலர் எதைப் போட்டாலும் "ஆங், இது பிரமாதம்" என்பார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அப்படிப்பட்டவர்களுக்காக அவளிடம் ஒரு சின்ன உபாயம் உண்டு. லென்சை எடுப்பதுபோல் எடுத்து, அதே லென்சையே திரும்பப் போடுவாள். "இப்ப?"

"இப்ப ரொம்ப மோசம்" என்றார் வந்தவர்.

அவள் கை அப்படியே நின்றது. அப்புறம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மனிதர் தன் கண் அவ்வளவு மோசமா என்று பயந்துபோனார்.

விழாவன்று காலையில் முன்னறை நிறையக் கூட்டம். அறையில் இடம் கிடைக்காதவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே ஜன்னலுக்கு நேர் கீழே கொத்தனார் சிமெண்டுக் கலவையைக் குழைத்து வைத்துவிட்டு, செங்கல் அடுக்கோடு தயாராக இருந்தார். கட்டிலில் கிழவர் கண்ணை மூடிக் கிடந்தார். புருஷன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். ஞானி வெள்ளை வெளேரென்று நடுவில்.

"ஐயா" என்றாள் கண்ணாடிக்காரம்மா, மிகப் பணிவாக. "அடைக்கறதுக்கு முன்னால ஒரு சந்தேகம். ஜன்னல் நல்லதா கெட்டதான்னு சொல்றது நீங்களா, குண்டா?"

"குண்டும்மா. நான் வெறும் கை" என்றார் ஞானி. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் குரல் ஏறியது. "இதுல எனக்கு வேலையே இல்ல. எனக்குக் கண்ணுகூடத் தேவையில்ல!"

"அப்படியா? அப்போ கட்டிடலாமா?"

"எதை? செவுரையா?"

"உங்க கண்ணை."

ஞானி சிரிக்கப் பார்த்தார். "இதெல்லாம் சோதிச்சு விளையாடற விஷயமில்ல…"

அவரை அதற்குமேல் பேச விடாமல் குறுக்கே விழுந்தது யார் என்கிறீர்கள்? நாத்தனார்தான்.

"கட்டிக்குங்க ஞானி! கட்டிக்கிட்டே சொல்லுங்க! இவ வாயை இன்னிக்கு அடைச்சே ஆகணும்!"

"ஆமா, கட்டிக்குங்க! கட்டிக்குங்க!" என்றது கூட்டம்.

ஒரு ஞானிக்கு எதிரிகளால் ஆபத்து வராது, பக்தர்களால்தான் வரும். அவர்கள் உண்மையாகவே நம்பித் தொலைக்கிறார்கள்.

கண்ணாடிக்காரம்மா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பஞ்சை இரண்டு கண்ணிலும் கனமாக வைத்து, கண் ஆபரேஷனுக்கு ஒட்டுவதுபோல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஜன்னல் கதவுகளைச் சாத்தி, வெயில் சூடு தெரியாதபடி குறுக்கே ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். யாரும் மூச்சு விடக்கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு ஞானியின் தோளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி விட்டு, கடிகாரம் மாட்டிய சுவருக்கு எதிரே நிறுத்தினாள்.

"ஐயா, உங்க முன்னால என்ன இருக்கு?"

குண்டு தொங்கியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு இங்கும் அங்கும் ஆடியது.

"ஆ! பேய் மூச்சு! இதேதான்! பிதுங்கின முழி! அப்பப்பா, என்ன வேகம்!"

கடிகாரம் டிக் டிக் என்றது. இரண்டு பேர் இருமினார்கள். புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் ஞானியை மறுபடி சுற்றி, அதே சுவருக்கு எதிரே, அதே இடத்தில் நிறுத்தினாள். "இப்ப?"

குண்டு வட்டமாகச் சுற்றியது. "இங்க நல்ல மூச்சு. சாந்தம். எவ்வளவு வித்தியாசம் பாத்தீங்களா?"

கூட்டம் கடிகாரத்தைப் பார்த்தது. கடிகாரம் என்ன செய்யும்? ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை உண்மையான ஜன்னலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். குண்டு ஆனந்தமாகச் சுற்றிற்று. ஞானியின் முகம் மலர்ந்தது. கூட்டத்திலிருந்து சத்தமே வராததை அவர் பக்திப் பரவசம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"இது என்ன, கதவா, ஜன்னலா? எதுவா இருந்தாலும் இதை மட்டும் தொடாதீங்க. இந்த வீட்டைக் காப்பாத்திக்கிட்டு இருக்கறதே இதுதான்!"

கட்டிலில் கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

நாத்தனாருக்குத் தாங்கவில்லை. ஞானிக்கு எப்படியாவது ஜாடை காட்டவேண்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண் கட்டியவருக்கு என்ன ஜாடை காட்டுவது? அவர் முகத்துக்கு நேரே, திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றாள். கண்ணாடிக்காரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தானாக வந்த வாய்ப்பை விடுவாளா?

"ஐயா, கடைசியா ஒண்ணு. இப்ப என்ன தெரியுது?"

ஞானிக்கு இதற்குள் சூடு பிடித்துவிட்டது. ஒன்றையாவது கெட்டது என்று சொல்லியாகவேண்டும், கொத்தனார் காத்திருக்கிறார். குண்டு பேயாட்டம் ஆடியது.

"இதுதான்! சந்தேகமே இல்ல! அகலமா தெறந்து கெடக்கு! இதை ஒரு நாளும் மூடினதே இல்ல! இந்தக் குடும்பத்து நிம்மதியெல்லாம் இது வழியாத்தான் வெளிய போகுது! உடனே செங்கல் வச்சு அடைங்க!"

கூட்டம் நாத்தனாரைப் பார்த்தது.

பிறகு ஏர்ஹாரன் வெடித்தது. கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டில் கிடுகிடுத்தது. "கண்டுபிடிச்சிட்டான்யா! இத்தனை வருஷமா எனக்கே சொல்லத் தைரியம் வரல, இவன் கண்ணைக் கட்டிக்கிட்டே கண்டுபிடிச்சிட்டான்!"

"யாரைப் பாத்துப் பேயிங்கற?" என்று நாத்தனார் போட்ட கூச்சலில் ஞானி துள்ளிப் பின்னால் போனார். "உன் பேச்சைக் கேட்டு இருட்டுல கெடக்கறேன், தும்மித் தும்மி நெஞ்செலும்பு நோவுது, என்னையா அடைக்கச் சொல்ற? செங்கலை எடுடா, யாரை அடைக்கணும்னு நான் காட்டறேன்!"

ஞானி பிளாஸ்திரியைப் பிய்த்தார். புருவத்தில் பாதி அதோடு வந்துவிட்டது. தாம் நிற்கும் இடத்தையும் எதிரே நிற்பவளையும் பார்த்ததும் முழி பிதுங்கியது. இந்தத் தடவை வீட்டுக்கு இல்லை.

"அது… பஞ்சு மூச்சைத் தடுத்துடுச்சு. குண்டுக்குக் கோபம்…"

அப்போதுதான் புருஷன் எழுந்தார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. தேய்ந்த முழங்காலோடு நொண்டிக்கொண்டே வந்து, ஞானியின் கையிலிருந்து குண்டை வாங்கினார். போர்வையை விலக்கி, ஜன்னலின் திரைக்கம்பியில் பட்டு நூலைக் கட்டினார். ஆட்டம் அடங்கும்வரை விரலால் பிடித்திருந்து, பிறகு விட்டார்.

"எங்கப்பா செத்துப்போவாருன்னு சொன்னீங்களே" என்றார். "உங்க கை வேணாம். அதுவே சொல்லட்டும். அடைக்கணுமா, வேணாமா?"

எல்லோரும் குண்டைப் பார்த்தார்கள். குண்டு சும்மா தொங்கியது. நூலில் கட்டிய எந்தச் செம்பு உருண்டையும் எப்படித் தொங்குமோ அப்படி.

"எஞ்சின் ஆஃப்" என்றார் கிழவர்.

வெளியிலிருந்து கொத்தனார் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "சார், கலவை இறுகிடும். அடைக்கவா வேணாமான்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

கூட்டம் ஞானியை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தது. ஜன்னல் கதவைத் தோளில் சுமந்த மனிதரும் அதில் இருந்தார். வாசல் பக்கம் வழி இல்லை. ஞானி சுற்றுமுற்றும் பார்த்தார். பேய் ஜன்னலின் பக்கக் கதவைத் தள்ளினார். அது அருமையாகத் திறந்தது. கம்பி போடும் ஆள்தான் பேய்க்குப் பயந்து வரவில்லையே! வெள்ளைக் கோட்டு பறக்க வெளியே குதித்தார். குதித்த இடத்தில் கொத்தனாரின் கலவை, குழையக் குழைய, கணுக்கால் ஆழத்துக்கு இருந்தது.

"டேய் மச்சான்!" என்று அலறினார் சாளர ஞானி. "வண்டியை எடுடா மச்சான்!"

தோல்பைக்காரர் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தார். கூட்டம் அப்படியே நின்றது. ஏதோ கடைக்காரர், தானாக வந்து ஒட்டிக்கொண்டவர், குண்டு காட்டிய கடை. எல்லாம் ஒரே சொல்லில் விளங்கிவிட்டது.

"ஷூவை விட்டுட்டுப் போறாருங்க" என்றார் கொத்தனார்.

மெத்தைக்கடை மாடியில் அடுத்த நாள் பூட்டுத் தொங்கியது. நாத்தனார் கொத்தனாரைக் கையோடு அழைத்துப்போய் தன் வீட்டு அடைப்புகளையெல்லாம் இடிக்கவைத்தாள். தும்மல் நின்றது. பேச்சு நிற்கவில்லை. கம்பி போடும் ஆள் அசட்டுச் சிரிப்போடு வந்து வேலையை முடித்துக் கொடுத்தான். புருஷன் கொஞ்ச நாள் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நடமாடினார். பிறகு ஒருநாள் அவராகவே அப்பாவின் கட்டிலை ஜன்னலுக்கு இன்னும் ஒரு முழம் கிட்டத்தில் நகர்த்திப் போட்டார். தெருவில் போகிற வண்டிக்காரர்களுக்குத்தான் கஷ்டம். "இண்டிகேட்டர் போடுடா!" என்று காதுக்குள் வெடி வெடித்தது.

அந்த வாரமே கண்ணாடிக் கடைக்கு ஒருவர் வந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் கைதட்டிச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, அவன் பித்தலாட்டக்காரன், போயிட்டான், சரி. நம்பகமான ஜன்னல் ஞானி வேற யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்காரம்மா லென்சைக் கீழே வைத்தாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஐயா, செங்கல் வச்சு அடைச்ச ஜன்னலை ஒரு கொத்தனார் வந்து இடிச்சுத் தெறந்துடலாம். உங்க தலையில ஒண்ணு மூடிக் கெடக்குதே, அதுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். அதை ஊர்ல எந்தக் கொத்தனாராலும் தெறக்க முடியாது. நீங்கதான் எந்திரிச்சுப் போய்த் தெறக்கணும்."